வழி விட்டவள்

வழி கேட்ட ஆள் கடந்து போகவில்லை.

பெரியவள் புதரோடு புதராக ஒதுங்கி, ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் சேற்றிலுமாக நின்று, "வாங்க" என்று மரியாதையாகச் சொல்லியும் ஆயிற்று. சட்டைக் கழுத்து வழியாக மழை முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. இலைகளிலிருந்து நீர் சொட்டுவதும், எங்கோ முன்னால் ஓடுகிறவர்களின் சிரிப்பும், தன் மூச்சின் இரைச்சலும்தான் கேட்டன. திரும்பிப் பார்த்தாள். ஒற்றையடிப் பாதை வளைந்து கீழிறங்கி மரங்களுக்குள் மறைகிற வரை ஒருவரும் இல்லை. எத்தனையோ பேரின் ஷூக்கள் மிதித்துக் குழைத்த சேறு மட்டும் பளபளவென்று கிடந்தது.

பிரமை என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டதே! 'வழி' என்று ஒற்றைச் சொல், தெளிவாக. ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியவில்லை. அதைவிட வேறொன்றுதான் உறுத்தியது. இந்த ஏற்றத்தில் ஏறி வருகிற எவருக்கும் மூச்சு வாங்கும். அந்தக் குரலுக்கு மூச்சே வாங்கவில்லை. வங்கி வரிசையில் பின்னால் நின்று பேனா கேட்கிற ஆள் மாதிரி நிதானமாக வழி கேட்டது.

வழி கேட்பது அவர்கள் ஓட்டக் குழுவின் வழக்கம். ஒற்றையடிப் பாதையில் பின்னால் வருகிறவர் முந்த வேண்டுமென்றால் 'வழி' என்று சொல்ல வேண்டும். முன்னால் போகிறவர் ஒதுங்கிப் பதில் சொல்ல வேண்டும். குழுவை நடத்துகிறவர் ஒரு டயர் கடைக்காரர்; கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டே திரிவதால் எல்லோருக்கும் அவர் 'விசில்' ஆகிவிட்டார். 'போங்க' என்று பதில் சொல்லும்படிதான் விசில் முதலில் சொல்லிக்கொடுத்தார். ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒரு மனிதரைப் பார்த்துப் போங்க என்றால் விரட்டுகிற மாதிரி இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்புகிறவரே 'வரேன்' என்றுதானே சொல்லிவிட்டுப் போகிறார். ஆகவே நாளடைவில் எல்லோரும் 'வாங்க' என்றே சொல்ல ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது.

"முந்திப் போறவங்களப் பாத்து வாங்கன்னு கூப்பிடுற ஒரே கூட்டம் நம்ம கூட்டம்தான்" என்று சின்னவள் சிரிப்பாள். அக்கா தங்கைக்குள் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. சின்னவள் பின்னால் வந்தால் "வழி, எருமை!" என்று கத்துவாள். "வாடி கழுதை" என்று பெரியவள் ஒதுங்குவாள். அபூர்வமாகப் பெரியவள் பின்னால் வந்து வழி கேட்கும்போது, "வா வா, உருண்டு வா" என்று பதில் வரும்.

அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகத்தான் பெரியவள் இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடவே வந்தாள். மற்றபடி அவளுக்கும் ஓட்டத்துக்கும் எட்டாத தூரம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலையிலிருந்து மாலைவரை ஊராருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. மாலையில் வீட்டுக்கு வந்தால் முழங்கால் கெஞ்சும். ஆனால் சின்னவளின் கணவன், காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனவன், தன் மேஜையிலேயே சரிந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்கப்புறம் சின்னவள் அக்கா வீட்டு உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். சோறு ஊட்ட வேண்டியிருந்தது. தலை சீவிவிட வேண்டியிருந்தது. தங்கை தூங்குகிறாளா, இல்லை வேறேதாவது செய்துகொண்டுவிட்டாளா என்ற பயத்தில் பெரியவள் எத்தனையோ தடவை எழுந்து போய் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். பெற்ற தாய்க்குக்கூட அந்தப் பயத்தைச் சொன்னதில்லை.

ஒரு நாள் சின்னவளாகவே எழுந்து, அலமாரிக்கு அடியிலிருந்த பழைய ஷூவைத் தட்டி மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் ஓடிட்டு வரேன்" என்றாள். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. அன்றைக்குப் பெரியவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் அவளும் ஒரு ஷூ வாங்கிவிட்டாள்.

இந்தச் சேற்று ஓட்டம் சின்னவளின் ஆசை. காட்டுப் பாதை, ஓடை, களிமண் சரிவு, கடைசியில் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பெரிய பள்ளம், அதைத் தாண்டினால் முடிவுக் கோடு. "இத மட்டும் முடிச்சுட்டேன்னா அடுத்த வாரமே வேலைக்குப் போயிடுவேன் பாரு" என்றிருந்தாள் சின்னவள். முடிவுக் கோட்டில் அம்மா குடையும் துண்டும் பிளாஸ்கில் சூடான பாலுமாகக் காத்திருந்தாள். ஓடையைத் தாண்டியதும் சின்னவளுக்குக் கால் துறுதுறுத்தது. "முன்னாடி போய் நிக்கிறேன். நீ மெதுவா வா" என்று ஓடிவிட்டாள். பளிச்சென்ற மஞ்சள் சட்டை, மரங்களுக்கிடையில் தெரிந்து மறைந்து தெரிந்து, ஒரு திருப்பத்தில் காணாமல் போனது.

அந்தத் திருப்பத்தைக் கடந்த பிறகுதான் யாரோ வழி கேட்டார்கள்.

பெரியவள் புதரிலிருந்து விடுபட்டு மறுபடி ஓட ஆரம்பித்தாள். ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்குத்தான். சேறு ஒவ்வொரு காலையும் பிடித்து வைத்துக்கொண்டு, யோசித்து, பிறகு சளக்கென்று விட்டது. பாதை களிமண் சரிவுக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண் சுவர். மழைச் சத்தம் சட்டென்று வெளியே நின்றுவிட்டது. உள்ளே வேர்களிலிருந்து நீர் கசியும் மெல்லிய சத்தமும், நாள்பட்ட பூச்சாடித் தண்ணீரின் வாடையும் இருந்தன. தன் காலடியைத்தான் அவள் கேட்டுக்கொண்டு போனாள். சளக். சளக். நடுவில் ஒன்று அதிகமாகக் கேட்டது. அவள் நின்றாள். அதுவும் நின்றது. எதிரொலி என்று நினைத்தாள். மண் சுவர் எதிரொலிக்குமா என்று அடுத்தபடியாக நினைத்தாள்.

"வழி."

இந்தத் தடவை பிடரியில் சொன்னது.

பயந்தால் அவளுக்குக் கோபம் வரும்; சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "வாங்கன்னுதானே சொல்றேன்! வாங்க, தாராளமா வாங்க!" என்று கத்திக்கொண்டே மண் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

யாரும் இல்லை. ஆனால் இடது கை முழுவதும், தோளிலிருந்து விரல் நுனிவரை, ஈரத் துணியால் துடைத்துவிட்ட மாதிரி சில்லென்று ஆயிற்று. பூச்சாடி வாடை மூக்கை அடைத்துக்கொண்டு வந்து, பிறகு குறைந்தது. அவ்வளவுதான். கையைப் பார்த்தாள். மேலிருந்து கீழாக ஒரு பட்டை மஞ்சள் களிமண் அப்பியிருந்தது. சுவரில் உரசியிருக்கும். ஆனால் அவள் சாய்ந்து நின்றது முதுகால். உரசியது எப்படி என்று யோசிக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

சரிவின் அடியில், ஷூ தடங்களுக்கு நடுவே ஒரு வெறுங்கால் தடம் இருந்தது. அதில் அப்போதுதான் தண்ணீர் ஊறி நிறைந்துகொண்டிருந்தது. யாரோ ஷூவைச் சேற்றில் பறிகொடுத்திருக்கிறார்கள், பாவம். நடக்கிறதுதான். அவள் அந்தத் தடத்தை மிதிக்காமல் தாண்டினாள்.

காடு முடிகிற இடத்தில், தார்ப்பாய்க்குக் கீழே மடக்கு மேஜை போட்டுத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர் டம்ளர்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். மனித முகத்தைப் பார்த்ததும் பெரியவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரே மூச்சில் இரண்டு டம்ளர் குடித்தாள்.

"மஞ்சச் சட்டை போட்ட பொண்ணு போயி எவ்ளோ நேரமாச்சுங்க?"

தண்ணீர்க்காரர் யோசித்தார். "மஞ்சளா? மஞ்சள் யாரும் வரலையேம்மா."

"எனக்கு முன்னாடி ஓடினா. என் தங்கச்சி."

"கூட்டமெல்லாம் போயி ரொம்ப நேரமாச்சு. நீங்கதான் வால். மஞ்சள் வந்திருந்தா எனக்குத் தெரியாதா? கண்ண மூடிட்டா உக்காந்திருக்கேன்?"

காட்டைத் திரும்பிப் பார்த்தாள். களிமண் சரிவின் வாய் இருட்டாகத் திறந்திருந்தது. அதற்குள் திரும்பிப் போக வேண்டுமா? போய்த்தான் ஆக வேண்டும். தங்கை எங்கேயாவது கால் பிசகி விழுந்து கிடந்தால்? டம்ளரை வைத்துவிட்டு ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டாள். அப்போதுதான், ஏதோ ஒரு நப்பாசையில், கீழே பள்ளத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

மழைத் திரைக்கு அப்பால், பள்ளத்தின் கரையில், முதுகைக் காட்டிக்கொண்டு, மஞ்சளாக ஒரு உருவம் நின்றிருந்தது.

"அதோ நிக்கிறா பாருங்க!" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கண்ண மூடிட்டுத்தான் உக்காந்திருந்தீங்க போல!"

தண்ணீர்க்காரர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். "எங்கம்மா? மழையில எனக்கு ஒண்ணும் தெரியல." பிறகு, அவள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து கத்தினார். "பலகைய விட்டுக் கால எடுக்காதீங்க! ரெண்டு பக்கமும் ஆழம்! ஒரு ஆள்தான் போக முடியும்!"

அவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபக்கம் இறங்கிப் போனார்.

பள்ளம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. மண் எடுத்து எடுத்து ஊரே இறங்குகிற அளவுக்குக் குழியாகிவிட்ட இடம். அது முழுவதும் மழை நீரும் களிமண்ணும் கலந்து கஞ்சியாக நின்றது. நடுவே ஒரு வரிசை பலகை. பலகையும் சேற்றுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில்தான் கிடந்தது. அது இருக்கிற இடம் தெரிய இரண்டு பக்கமும் குச்சி நட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அப்பால், முள்மரங்களுக்குப் பின்னால், முடிவுக் கோட்டின் ஒலிபெருக்கி யாரையோ பாராட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு பக்கம்தான். அம்மா அங்கேதான் இருக்கிறாள்.

"ஏய்! நில்லுடி!"

மஞ்சள் உருவம் திரும்பவில்லை. பலகையில் இறங்கி நடக்க ஆரம்பித்தது. வேகமும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. பெரியவள் வேகமாகப் போனால் அதுவும் வேகமாகப் போனது. அவள் நின்றால் நின்றது. காத்திருக்கிறாள், வம்புக்குக் காத்திருக்கிறாள் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். தன்னைச் சிரிக்க வைத்துக்கொள்ளப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

பலகைமேல் நடப்பதற்கு ஒரு பக்குவம் வேண்டியிருந்தது. பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து முன்னால் தள்ளி, பலகையின் விளிம்பை ஷூ நுனியால் தடவிக் கண்டுபிடித்து, பிறகு எடையை மாற்ற வேண்டும். சேறு முழங்காலுக்குக் கீழே குளிர்ந்து இறுகியது. மழைத் துளிகள் சேற்றின்மேல் விழுந்து விழுந்து, கொதிக்கிற மாதிரி குமிழ்கள் வெடித்துக்கொண்டிருந்தன. பாதி தூரம் வந்திருப்பாள். அவளுக்குப் பின்னால் பலகை லேசாகத் தாழ்ந்தது.

யாரோ பலகையில் ஏறியிருக்கிறார்கள்.

பின்னால் யாரும் இருக்க முடியாது. நீங்கதான் வால் என்று அந்த மனிதர் சொன்னாரே!

சளக். சளக். வேகமாக வந்தது. பலகை ஆடியது.

"அக்கா!"

சின்னவளின் குரல்.

பெரியவள் முன்னால் பார்த்தாள். மஞ்சள் உருவம் அக்கரைக்கு ஏறிவிட்டிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு அங்கே நின்றது. சின்னவள் முன்னால் நிற்கிறாள். கண்ணெதிரே நிற்கிறாள். அப்படியென்றால் பின்னால் பேசுவது?

இரண்டு தடவை வழி கேட்டதே, அது. கடந்து போகாமல் கூடவே வந்த அது.

"அக்கா, நில்லு! நான்தான்!" மூச்சு வாங்க வாங்க வந்தது குரல். அடுத்த சொல்லுக்குத் திணறியது. இப்போது மூச்சு வாங்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்று பெரியவள் நினைத்தாள்.

"லேஸ் அவுந்துடுச்சுன்னு ஓரமா உக்காந்தேன். நீ பாக்காமத் தாண்டிப் போயிட்ட. எவ்ளோ கத்துனேன் தெரியுமா?"

பதில் சொல்லக் கூடாது. திரும்பவும் கூடாது. திரும்பினால் அங்கே சின்னவளின் முகமே இருக்கும். கண் காது மூக்கு எல்லாம் அப்படியே இருக்கும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் தன்னால் முடியாது. பெரியவளுக்குத் தன்னைப் பற்றி அந்த அளவுக்குத் தெரியும்.

குரல் முதுகுக்கு வந்துவிட்டது.

"அக்கா." சத்தம் சட்டென்று குறைந்தது. ரகசியம் மாதிரி. "அக்கரையில நிக்கிறது யாருக்கா?"

பெரியவள் அக்கரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதற்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது தன்னைத் தேடி வரவில்லை. தன்னைத் தாண்டி முன்னால் போகப் பார்க்கிறது. முன்னால் இருப்பவள் சின்னவள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்து, இப்போதுதான் எழுந்து நிற்கிற சின்னவள். இது அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டால்? தானே இரண்டு தடவை வாய் நிறைய வாங்க வாங்க என்று கூப்பிட்டாளே. பாவி.

இனி கூப்பிட மாட்டாள்.

பெரியவள் பலகையின் நடுவில் காலை அகட்டி ஊன்றினாள். இரண்டு கைகளையும் விரித்தாள். ஒரு பக்க ரிப்பனிலிருந்து மறுபக்க ரிப்பன் வரைக்கும் விரித்தாள்.

"வழி இல்ல" என்றாள்.

"என்னக்கா பண்ற? பலகை முழுகுது. ரெண்டு பேர் எடை தாங்காது."

"வழி இல்ல."

"அக்கா, பயமா இருக்குக்கா. விளையாடாத. முன்னாடி போ, இல்லன்னா வழி விடு."

ஓட்டத்தில் சின்னவள் அவளை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. எருமை என்றுதான் கூப்பிடுவாள். அதைப் பெரியவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இது அவள் இல்லை. இது அவள் இல்லை. அழுகிறது. அழட்டும். அழவும் கற்றுக்கொண்டிருக்கும்.

பலகை இன்னும் ஒரு விரற்கடை தாழ்ந்தது. பின்னால் நின்றது அவளுடைய இடது கைக்குக் கீழே குனிந்து நுழையப் பார்த்தது. அவள் இடுப்பால் இடித்தாள். வெறும் இடிதான். பெரிய தள்ளல் இல்லை.

குச்சி ஒன்று முறிந்தது.

அப்புறம் கனமாக ஒரு சத்தம். சேறு வாயைத் திறந்து மூடுகிற சத்தம்.

"அக்கா! அக்கா!"

முன்னால் பார். மஞ்சளைப் பார். நட.

அவள் ஒரு அடி வைத்தாள். கையை எதுவோ பிடித்தது. சில்லென்ற, வழுக்குகிற, சேறு பூசிய விரல்கள். விடாமல் பிடித்தன. இழுத்தன. பெரியவள் உதறினாள். உதறுகிற வேகத்தில் அந்த மணிக்கட்டு அவள் கைக்குள் வந்தது. தினமும் நூறு கைகளைப் பிடிக்கிறவள். விரல் தானாகவே நாடியைத் தேடியது.

நாடி இருந்தது.

ஓடிக் களைத்த நாடி. பயந்த நாடி. படபடவென்று, குழந்தை ஓடுகிற மாதிரி அடித்துக்கொண்டது.

ஒரு கணம் எல்லாமே நின்றது. பிறகு அவள் தன் கையைப் பார்த்தாள். கட்டைவிரல். கட்டைவிரலை வைத்துப் பிடித்திருந்தாள். கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாது. பார்க்கிறவருடைய நாடியே அதில் அடிக்கும். வேலையில் சேர்கிற புதுப் பெண்கள் எல்லோரும் செய்கிற தப்பு. எத்தனை பேரை அவளே திருத்தியிருக்கிறாள்! ஆகவே இது தன் நாடி. தன்னுடையதுதான். அதற்கு நாடி கிடையாது.

இன்னொரு விரலை வைத்துப் பார்க்கலாம்.

வைத்துப் பார்க்கவில்லை. உதறினாள். விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கிப் போயின.

நட. நட. பின்னால் கத்தல். பிறகு இருமல். பிறகு சேறு நிறைந்த வாயிலிருந்து ஏதோ ஒரு சொல், எகரத்தில் ஆரம்பித்து, முடியாமல் கொழகொழத்து நின்றது. பெரியவள் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். கை விரித்த சமநிலை போயிற்று; தடுமாறி, குச்சிகளைப் பிடித்து, முழங்காலால் ஊர்ந்து, கெட்டி மண்ணில் ஏறினாள்.

கரை. கரைக்கு வந்துவிட்டாள்.

மஞ்சள் உருவம் முள்மரங்களுக்கு நடுவே, ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய இடைவெளியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது. காப்பாற்றிவிட்டேன் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். இவளிடம் எதையும் சொல்லக் கூடாது. அம்மாவிடமும் சொல்லக் கூடாது. வீட்டுக்குப் போனதும் சுடச்சுடத் தண்ணீர் ஊற்றிக் குளிக்க வைத்து, வயிறு நிறையச் சோறு போட்டுத் தூங்க வைக்க வேண்டும். ஒலிபெருக்கி யாருக்காகவோ கைதட்டச் சொன்னது. அவள் மூச்சைப் பிடித்து, எப்போதும்போல் குரலை வைத்துக்கொண்டாள்.

"வழி, கழுதை. உன்ன முந்தப் போறேன்."

அது ஒதுங்கியது. சுத்தமாக, ஒரு அடி பக்கவாட்டில், முள்ளோடு முள்ளாக ஒதுங்கிக்கொண்டது. பெரியவள் தோளை உரசிக்கொண்டு கடந்தாள். பூச்சாடித் தண்ணீரின் வாடை அடித்தது.

"வாங்க" என்றது.

மூச்சு வாங்காமல். மரியாதையாக.

கால் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. அப்புறம்தான் அந்தச் சொல் உள்ளே இறங்கியது. பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட, ஒரு சண்டையில்கூட, சின்னவள் அவளை 'வாங்க' என்று கூப்பிட்டது கிடையாது.

திரும்பினாள்.

அது இடைவெளியின் நடுவில் வந்து நின்றிருந்தது. அவளுக்கும் பள்ளத்துக்கும் இடையில். அப்போதும் அதற்கு முதுகுதான் இருந்தது. மழை அதன்மேல் பெய்துகொண்டிருக்க, சட்டை என்று அவள் நினைத்திருந்த மஞ்சள் கரைந்து, களிமண்ணாக வழிந்து, வெறுங்கால்களைச் சுற்றித் தேங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் போன இடங்களில் கறுப்பாக, ஈரமாக, பள்ளத்தின் சேறு தெரிந்தது.

"வழி" என்றாள் பெரியவள்.

அது காலை அகட்டி ஊன்றியது.

"வழி. வழி விடுங்க. என் தங்கச்சி. வழி விடுங்க!"

அடித்தாள். கை முழங்கைவரை உள்ளே போய், சளக்கென்று வெளியே வந்தது. முட்டினாள். பிராண்டினாள். அது நகரவில்லை. இரண்டு கைகளையும் மெதுவாக விரித்தது, ஒரு பக்க முள்ளிலிருந்து மறுபக்க முள்வரைக்கும்.

விரித்த கைக்குக் கீழே, அக்குளின் இடுக்கு வழியாக, பள்ளம் தெரிந்தது. முறிந்த குச்சி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், மழை கொதித்துக்கொண்டிருந்த சேற்றில், மணிக்கட்டுவரை ஒரு கை தெரிந்தது. அதன் விரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.